கழற்றி நிறுத்திய டிரெய்லர் வீட்டைச் சாவியே இல்லாமல் எப்படித் திருடுகிறார்கள்?

அமெரிக்க முகாம் திடல்களில் பலரும் டிரெய்லர் வீட்டை இழுத்து வந்த வண்டியிலிருந்து கழற்றி நிறுத்திவிட்டு, அந்த வண்டியோடு ஊர் சுற்றக் கிளம்புவார்கள். திருடனுக்கு அந்த இடைவெளி போதும். ஏன் தெரியுமா?

டிரெய்லரின் மூக்கில், கவிழ்த்த ஆட்டுக்கல் மாதிரி ஓர் இரும்புக் குழி. இழுக்கும் வண்டியின் பின்னால் இருக்கும் உருண்டைதான் குழவி. அதன் விட்டம் பெரும்பாலும் 2 அங்குலம் அல்லது 2 5/16 அங்குலம். அளவு பொதுவானது, அதனால் அதே அளவு உருண்டை உள்ள எவர் வண்டியும் மாட்டிக்கொள்ளும்!

சரி, எப்படித் தடுப்பது? பூட்டோடு வரும் போலி உருண்டையைக் குழிக்குள் வைத்துப் பூட்டுங்கள். குழி நிறைந்துவிட்டால் குழவிக்கு இடமேது?

சங்கிலியால் கட்டி இழுத்தால்? அங்கேதான் சக்கரப் பூட்டு வேண்டும். அதன் இரும்புக் கரம் டயரைக் கவ்வியிருக்கும். சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாக உருளாது. என்னைக் கேட்டால் இரண்டையும் போடுங்கள். கிளம்பும்போது சக்கரப் பூட்டைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.