ஆரஞ்சுத் தோலில் பிறந்த மாத்திரை: நரம்பு சுருட்டலுக்கு எவ்வளவு உதவும்?

கம்பம் பள்ளத்தாக்கில் பிழைப்பு என்பது பெரும்பாலும் நின்றபடி செய்யும் வேலைதான். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கையை உயர்த்திக் கவாத்து செய்பவர்கள், விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள், நூற்பாலையில் ஷிப்டு முழுக்க நிற்பவர்கள், டீ மாஸ்டர்கள், பள்ளி ஆசிரியர்கள் எனப் பட்டியல் நீளும். நாற்பது வயதைத் தாண்டும்போது இவர்களில் பலர் சொல்லும் குறைகளும் ஒரே மாதிரி இருக்கும். சாயங்காலமானால் கால் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, ராத்திரியில் கெண்டைச் சதை பிடித்துக்கொள்கிறது, பின்னங்காலில் நீல நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கிறது.

இதற்காக மருத்துவர்கள் எழுதித்தரும் மருந்துகளில் ஒன்று டயோஸ்மின். மூலத்துக்கும் இதே மாத்திரை உண்டு. பரவலாகப் பயன்படும் 500 மி.கி. மாத்திரையில் 450 மி.கி. டயோஸ்மினும் 50 மி.கி. ஹெஸ்பெரிடினும் இருக்கும். இரண்டும் ஃபிளவனாய்டு வகைப் பொருள்கள். மாத்திரைக்கான மூலப்பொருள் ஆரஞ்சு வகைப் பழங்களின் தோலிலிருந்தும் பிஞ்சுக் காய்களிலிருந்தும் கிடைக்கிறது. எலுமிச்சை விளையும் தேனி மாவட்டத்தில் இதைக் கேள்விப்படுபவருக்கு, தோலையே தின்றால் போதாதா என்று தோன்றுவது இயல்பு.

காலில் நடப்பது என்ன?

நரம்பு சுருட்டல் என்று சொன்னாலும் இங்கே பழுதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. பாதத்திலிருந்து ரத்தம் மேலே ஏறியாக வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி அதை மேலே தள்ளுகிறது. ஏறிய ரத்தம் கீழே இறங்காதபடி சிரைக்குள் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு ஒழுகினால் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும் அல்லவா, காலிலும் அதுதான் நடக்கிறது. வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழே தேங்கும், சிரையின் சுவர் விரியும், விரிந்த சிரையில் வால்வு இன்னும் மோசமாக மூடும்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரச அளவுக்கு ஏறுகிறது. நன்றாக வேலை செய்யும் காலில், நடக்கத் தொடங்கினால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே நிற்பதைவிட அசையாமல் நிற்பதே பெரிய தொல்லை. குடும்பவழி, பிரசவங்கள், உடல் எடை, வயது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

தோலிலிருந்து மாத்திரை வரை

ஆரஞ்சு வகைத் தோலின் உட்புற வெள்ளைப் பகுதியிலிருந்து ஹெஸ்பெரிடினை 1828-இல் பிரித்தெடுத்தவர் பிரெஞ்சு வேதியியலர் லெப்ரெட்டோன். நூறாண்டுக்குப் பிறகு, 1936-இல், ஹங்கேரியின் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியும் அவருடைய சகாக்களும் இந்த வகைப் பொருள்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் கசிவைக் குறைக்கின்றன என்று கண்டு 'வைட்டமின் பி' (P) என்று பெயரிட்டார்கள். நாம் அறிந்த பி காம்ப்ளெக்ஸ் வேறு, இது வேறு. அடுத்த ஆண்டே சென்ட்-ஜியார்ஜிக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதில் முக்கியப் பங்கு வைட்டமின் சி ஆய்வுக்கு. ஃபிளவனாய்டுகள் உடலுக்கு இன்றியமையாத வைட்டமின்கள் அல்ல என்று பின்னர் தெளிவானதால் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. ரத்தக் குழாய்க்கு உதவும் என்ற எண்ணம் மட்டும் தொடர்ந்தது.

டயோஸ்மின் 1925-இல் ஒரு மூலிகைச் செடியிலிருந்து முதலில் பிரிக்கப்பட்டது. 1969-இல் மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று அதைப் பெரும்பாலும் ஹெஸ்பெரிடினிலிருந்தே தயாரிக்கிறார்கள். ஹெஸ்பெரிடின் மூலக்கூறிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கினால் டயோஸ்மின். சாதாரணத் தூளாகச் சாப்பிட்டால் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அதனால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்கு மிக நுண்ணியதாக அரைத்த வகை உருவாக்கப்பட்டது. பிரான்சின் செர்வியே நிறுவனத்தின் டாஃப்லான் இப்படிப்பட்ட தயாரிப்பு. உள்ளே போனதும் குடல் பாக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரைப் பகுதியை வெட்டிவிட, எஞ்சியதுதான் ரத்தத்தில் சேர்கிறது.

சிரைச் சுவரைச் சுருங்கச் செய்யும் நார்அட்ரினலின் என்ற உடலின் சொந்த ஹார்மோனின் வேலையை டயோஸ்மின் நீட்டிக்கிறது. வெள்ளை அணுக்கள் வால்விலும் சுவரிலும் ஒட்டி அழற்சி உண்டாக்குவதைக் குறைக்கிறது. நுண்குழாய்களின் கசிவைக் கட்டுப்படுத்துகிறது, நிணநீர் ஓட்டத்துக்கும் உதவுகிறது. வீக்கமும் கனமும் குறைவது இந்த வழிகளில்தான்.

ஆய்வுகள் சொல்வது

சிரைகளுக்கான இத்தகைய மருந்துகள் அனைத்தையும் சேர்த்து அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வறிக்கை, கால் வீக்கம் சிறிதளவு குறையலாம் என்கிறது. அன்றாட வாழ்க்கைத் தரத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை, வயிற்றுக் கோளாறு போன்ற பக்கவிளைவுகள் சற்றுக் கூடலாம் என்றும் சொல்கிறது. மூலத்துக்கு நிலைமை கொஞ்சம் நல்லது. அதே அமைப்பின் 2012 அறிக்கையில் ரத்தக்கசிவு, அரிப்பு ஆகியவற்றில் பலன் காணப்பட்டது. ஐரோப்பிய ரத்தநாள அறுவைச் சிகிச்சை வல்லுநர்களின் 2022 வழிகாட்டுதல், தொந்தரவு உள்ளவர்களுக்கு இவற்றைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அமெரிக்காவிலோ டயோஸ்மின் மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை.

மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் அளவு கால் தொந்தரவுக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. மூலம் திடீரென முற்றினால் முதல் நான்கு நாள் 3,000 மி.கி., அடுத்த மூன்று நாள் 2,000 மி.கி. எனக் குறுகிய காலத்துக்குக் கூட்டித் தருவதுண்டு. ஆனால் கெட்டுப்போன வால்வை எந்த மாத்திரையும் சரிசெய்யாது. புடைத்த சிரையை உள்ளே அமுக்கவும் செய்யாது. அதற்கு லேசர், ரேடியோ அலை, நுரை ஊசி, அறுவை என வேறு வழிகள் இருக்கின்றன. கணுக்காலின் உட்புறத்தில் வரும் ஆறாத புண்ணுக்கு அடிப்படைச் சிகிச்சை இறுக்கமான கட்டு.

தோலைத் தின்றால்?

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 எலுமிச்சை சாற்றுக்குப் பெயர்போனது. எலுமிச்சையிலும் ஹெஸ்பெரிடின் உண்டு. ஆனால் ஹெஸ்பெரிடின் டயோஸ்மின் அல்ல. தோலில் இருப்பது நுண்ணியதாக அரைத்த பொருளும் அல்ல. எத்தனை தோலைத் தின்றால் ஒரு மாத்திரைக்குச் சமம் என்று கணக்குப் போடவே வழியில்லை. கடைப் பழத்தின் தோலில் பூச்சிமருந்தின் மிச்சமும் இருக்கக்கூடும். ஊறுகாயாகச் சேர்த்துக்கொண்டால் கூடவே போகும் உப்பு, வீக்கமும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குக் கெடுதல். பழத்தைப் பழமாகச் சாப்பிடுவது நல்லதுதான், அதை மருந்துக்கு மாற்றாக எண்ணக் கூடாது.

இந்தத் தோல் விவசாயிக்குக் காசாகுமா என்றால், இப்போதைக்குக் கடினம். ஹெஸ்பெரிடின் எடுக்கும் ஆலைக்குத் தோலோ பிஞ்சோ ஒரே இடத்தில் டன் கணக்கில் வேண்டும். பெரிய ஜூஸ் ஆலைகள் இருக்கும் நாடுகளில் அது எளிது. இங்கே எலுமிச்சை முழுப் பழமாகவே சந்தைக்குப் போகிறது. தோல் ஆயிரம் வீடுகளிலும் கடைகளிலும் சிதறிவிடுகிறது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சு வாங்கினால் அது அவசர நிலை. இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று தானே முடிவுகட்டக் கூடாது. குடல் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கலாம். புடைத்த சிரை உடைந்து ரத்தம் கொட்டினால் உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டயோஸ்மினை மருந்துக்கடையில் தாங்களே கேட்டு வாங்கக் கூடாது. காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறையையும் தாமாக வாங்கி அணியக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைப்பவர்களுக்கும் தமனி அடைப்பு இருக்கலாம் என்பதால், ரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகே அதை அணிய வேண்டும். க.விலக்கில் உள்ள அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காலைக் காட்டலாம். எந்த வால்வு ஒழுகுகிறது என்பதை டாப்ளர் ஸ்கேன் சொல்லிவிடும்.

அதுவரை செய்யக்கூடியதற்குச் செலவில்லை. வேலைக்கு நடுவே சில நிமிடம் நடப்பது, நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குவது, வீடு திரும்பியதும் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது, எடையைக் குறைப்பது. மாத்திரை இவற்றுக்குத் துணையாகத்தான் வருகிறது. சில வாரம் சாப்பிட்டும் கனமும் வீக்கமும் குறையவில்லையென்றால் மாத்திரை அட்டைகளை வாங்கிக்கொண்டே போகாமல், தொடரத்தான் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது பணத்துக்கும் காலுக்கும் நல்லது.