சுட்ட கூந்தல் மீளுமா?

தமிழ் மக்கள் கூந்தலைப் பேணியதற்கும் போற்றியதற்கும் அளவில்லை. மகளிர் கூந்தலை முடிக்கும் வகையை ஐந்தாகப் பகுத்து, குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி எனப் பெயரிட்டு, அவ்வைந்தனையும் உட்கொண்டு கூந்தலுக்கே ‘ஐம்பால்’ என்னும் பெயரை வழங்கினர் நம் முன்னோர். மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்னும் வினாவை முன்வைத்து இறைவனோடு நக்கீரர் வாதிட்டதாகத் திருவிளையாடற் கதை கூறுகின்றது. இன்று நம் இல்லங்களில் எழுகின்ற வினா வேறு. சூடேறிய கருவியால் ஆண்டுக்கணக்காக நிமிர்த்தியும் சுருட்டியும் நலிந்துபோன நெடுங்கூந்தல் பழைய நிலைக்கு மீளுமா என்பதே அவ்வினா. மாணவியரும் தாய்மாரும் ஒருங்கே கேட்கும் இவ்வினாவுக்கு விளம்பரங்கள் ஒரு விடை தருகின்றன. அறிவியல் மற்றொரு விடை தருகின்றது. இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாட்டை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இரும்பைக் காய்ச்சி மயிரைச் சுருட்டும் வழக்கம் பண்டை உரோமரிடத்தும் இருந்தது. எனினும், அதனைப் பெருவழக்காக்கிய பெருமை பாரிஸ் நகரத்துச் சிகையலங்காரர் மார்செல் கிராட்டோ என்பாரையே சாரும். 1870களில் அவர் கையாண்ட இடுக்கி, கூந்தலில் அலையலையான வளைவுகளை உண்டாக்கியது. நெருப்பிற் காய்ச்சிய இடுக்கியை முதலில் ஒரு கடதாசித் துண்டில் வைத்துப் பார்த்து, கடதாசி கருகாத பதம் வந்த பின்னரே கூந்தலில் இடுதல் அக்காலத் தொழிலாளரின் வழக்கம். இன்றைய மின்கருவியோ, விசையை அழுத்திய சில நிமிடங்களில் 150 முதல் 230 பாகை செல்சியஸ் வரை சூடேறுகின்றது. தாச்சியில் வடை பொரியும் எண்ணெயின் சூடு ஏறத்தாழ 180 பாகை என்பதை எண்ணிப் பார்த்தால், நாம் எத்தகைய வெப்பத்தைத் தலைக்கருகே கொண்டு செல்கிறோம் என்பது விளங்கும்.

இவ்வெப்பம் மயிரை என்ன செய்கின்றது என்பதை அறிய, முதலில் மயிரிழையின் அமைப்பை அறிதல் வேண்டும். கிடுகு வேய்ந்த கூரையைக் கண்டிராதார் நம்மிடையே இலர். ஒரு வரிசைக் கிடுகின்மேல் மறு வரிசை சிறிது ஏறிப் படிந்திருத்தலால், மழைநீர் உட்புகாது வழிந்தோடுகின்றது. மயிரிழையின் புறத்தோலும் அவ்வாறே வேயப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய செதில்கள், பெரும்பாலும் ஆறு முதல் பத்து அடுக்குகளாக, வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேலொன்று படிந்துள்ளன. அவற்றின் மேலே மிக நுண்ணிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. கூந்தலின் மினுக்கத்துக்கும் வழுவழுப்புக்கும் இவ்விரண்டுமே காரணம். கூரைக்குக் கீழே வீடு இருப்பதுபோல, செதில்களுக்கு உள்ளே கெரற்றின் என்னும் புரதத்தாலாகிய நார்கள் கயிற்றுப் புரிகளைப்போல் முறுக்கி நிற்கின்றன. கூந்தலின் வலிமை அந்த உட்புரிகளில் உள்ளது.

அப்புரிகளைப் பிணைப்பனவற்றுள் இருவகை இங்கே கருதத்தக்கன. கந்தக அணுக்களாலாகிய வலிய பிணைப்புகள் ஒருவகை. ஐதரசன் பிணைப்புகள் எனப்படும் மெலிய பிணைப்புகள் மற்றொருவகை. மெலிய பிணைப்புகள் நீரில் நனைந்தாலும் சூடேறினாலும் அவிழும்; உலர்ந்து ஆறும்போது மீண்டும் கட்டிக்கொள்ளும். சுடுகருவி செய்யும் வித்தை இவ்வளவே. அவிழ்ந்த பிணைப்புகள் மீண்டும் கட்டுமுன் மயிரை நேராக இழுத்துப் பிடித்தால் அது நேராக நிற்கும். வளைத்துப் பிடித்தால் வளைந்து நிற்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அக்கட்டை மீண்டும் அவிழ்த்துவிடும். கடல் சூழ்ந்த நம் இலங்கைத் தீவிலே காற்றில் ஈரத்துக்குக் குறைவேது? காலையில் நிமிர்த்திய கூந்தல் மாலைக்குள் தன் பழைய சுருளை நாடுகின்றது. மறுநாள் மீண்டும் கருவியைக் கையிலெடுக்க வேண்டியதாகின்றது. கேடு இங்கே நாள்தோறும் நிகழ இதுவும் ஒரு காரணம்.

கேடு என்றது வெறும் அச்சுறுத்தலன்று. அடிக்கடி படும் வெப்பத்தால் செதில்கள் வெடித்து நிமிர்கின்றன; கொழுப்புப் படலம் சிதைகின்றது. இருநூறு பாகையைக் கடந்த சூட்டிலே உட்புரதமே உருமாறத் தொடங்குகின்றது. இவை யாவற்றினும் கொடியது ஈரக்கூந்தலில் சுடுகருவியை இடுதல். மயிரினுள்ளே தங்கிய நீர் திடீரென ஆவியாகி, வெளியேற வழியின்றி, இழையினுள்ளே குமிழ்களை உண்டாக்குகின்றது. அவ்விடத்திலே மயிர் உள்ளீடற்ற நாணல்போலாகிச் சிறு இழுப்புக்கும் முறிந்துவிடுகின்றது. கருவி பட்டவுடன் ‘சுர்’ என்னும் ஒலி எழுமாயின், நிகழ்வது இதுவே என்று அறிக.

இனி நம் வினாவுக்கு வருவோம். இவ்வாறு சிதைந்த மயிர் மீளுமா? உடலில் உண்டான காயம் ஆறுகின்றது. முறிந்த எலும்பு கூடுகின்றது. உயிருள்ள கலங்கள் அங்கே இருப்பதே அதற்குக் காரணம். மயிருக்கோ உயிர் வேரிலே மாத்திரம் உண்டு. தோலைக் கடந்து வெளியே வந்த பகுதியில் குருதியில்லை, நரம்பில்லை, உயிர்க்கலமும் இல்லை. ஆதலின் அங்கே சிதைந்தது சிதைந்ததே. பிளந்த நுனியை ஒட்டவைக்கும் மருந்து என விற்கப்படுவது, அதனைச் சிறிது நேரம் பசைபோல் பற்றி நிற்கும். தலை முழுகினால் அப்பற்று நீங்கிவிடும்.

அங்ஙனமாயின் கடைகளில் விற்கும் பூச்சுகள் யாவும் பொய்யோ எனின், அவ்வாறு கூறுதலும் நேர்மையாகாது. முழுகிய பின் இடும் நல்ல பூச்சு, நிமிர்ந்த செதில்களின்மேல் மெல்லியதொரு போர்வையாகப் படிந்து, இழைகள் ஒன்றோடொன்று உரசாமலும் சிக்குப் படாமலும் காக்கின்றது. அது பயனுள்ள பணியே. ஆயினும், காத்தல் வேறு, மீட்டல் வேறு. பாவனைப் பொருளின் பெயரிலே ‘புத்துயிர்’ என்ற சொல் இருந்தால் விலை ஏறுகின்றது, உயிர் ஏறுவதில்லை. வீட்டுச் செலவைக் கணக்கிட்டு நடத்தும் தாய்மார் இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்தல் வேண்டும்.

இதனை விளக்க நமக்கு நன்கு தெரிந்ததோர் உவமை உண்டு. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்க முற்பட்டபோது, தொட்ட மாத்திரத்தில் உதிரும் ஏடுகளோடு போராட வேண்டியிருந்தது. நைந்த ஓலையை எவராலும் பச்சையோலை ஆக்க முடியாது. எண்ணெய் பூசி, மெல்லக் கையாண்டு, மேலும் சிதையாமற் காத்து, அதற்கிடையே புதிய ஏட்டிலே படியெடுத்துக் கொள்வதே செய்யத்தக்கது. நெடுங்கூந்தலின் நுனியும் பழைய ஏடே. மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்கின்றது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பதினாறு வயது மாணவியின் பின்னல் 72 சென்ரிமீற்றர் நீளமாயின், அதன் நுனி அவள் ஐந்தாந் தரப் புலமைப் பரிசில் பரீட்சை எழுதிய காலத்தில் முளைத்தது. ஆறாண்டு வெயிலையும் சீப்பையும் உவர்நீரையும் கண்ட அந்நுனியை, நேற்று முளைத்த அடிமயிரைப்போல் நடத்தலாமா? புதிய ஏட்டை வேர் தானே எழுதித் தருகின்றது; அது முற்றும் வளரும்வரை பழையதைக் காப்பதே நம் கடன்.

காக்கும் முறைகளை இனிக் கூறுவோம். முதலாவது, சுடுகருவியை முற்றாக நிறுத்துதல். நிறுத்திய முதற் சில மாதங்களே கடினமானவை. அடியில் இயற்கையான சுருளும் நுனியில் வெப்பத்தால் விறைத்த நேரும் ஆக ஒரே கூந்தல் இருவேறு இயல்புடையதாய்த் தோன்றும். இரண்டும் சந்திக்கும் இடமே எளிதில் முறியும் இடம். இக்காலத்திலே தளர்வான பின்னலே சிறந்த துணை. வேற்றுமையும் மறையும், இழைகளும் உரசா. நெற்றியோரத்து மயிர் இழுபடும்படி இறுகப் பின்னுதல் மாத்திரம் ஆகாது. அது வேரையே நோகச்செய்யும்.

இரண்டாவது, நுனியைக் கத்தரித்தல். ஒரே நாளில் முழுவதையும் வெட்டத் துணிவோர் வெட்டலாம். நீளத்தை இழக்க மனமில்லாதோர், மூன்று மாதத்துக்கொருமுறை ஒன்று அல்லது ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீக்கிவந்தால் போதும். வளர்வது மூன்று, வெட்டுவது ஒன்றரை. ஆதலின் நீளமும் குறையாது, பிளவும் மேலேறாது. நுனியை வெட்டினால் மயிர் விரைந்து வளரும் என்பது மாத்திரம் தவறு. வெட்டியதை வேர் அறியாது.

மூன்றாவது, எண்ணெய். நம் பாட்டிமார் தலை முழுகுமுன் தேங்காயெண்ணெய் தடவியதை நாகரிகமற்றது என்று எள்ளியோர் உளர். இந்திய ஆராய்ச்சியாளர் 2003ஆம் ஆண்டிலே தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கிய ஆய்வை வெளியிட்டனர். மயிரினின்று புரதம் கழுவுண்டு போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. அதிலுள்ள கொழுப்பமிலம் சிறிதும் நேரியதுமான அமைப்புடையதாதலின் இழையினுள்ளே ஊடுருவிச் செல்கின்றது. மற்றவை மேலே தங்கிவிடுகின்றன. எண்ணெய் மயிரை வளர்க்கும் என்று நான் கூறவில்லை. உள்ளதைக் காக்கும் என்றே கூறுகின்றேன்.

நான்காவது, முழுகும் முறை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவது; வன்மையானது. அந்நீரிலே சவர்க்காரம் இட்டுத் தலை முழுகினால், வெண்படிவொன்று மயிரிலே ஒட்டிக்கொண்டு அதனைச் சொரசொரப்பாக்கும். சவர்க்காரத்தின் காரத்தன்மை செதில்களையும் உயர்த்தும். சீயாக்காயிலோ மென்மையான ஷாம்புவிலோ இப்படிவு உண்டாவதில்லை. தேசிக்காய்ச் சாறு இடுவோர் நிறைய நீர் கலந்தே இடுதல் வேண்டும். நனைந்த மயிர் எளிதில் நீளும், நீண்டபின் முறியும். ஆதலின் அகன்ற பல்லுள்ள சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் படிப்படியாகச் சிக்கெடுத்தல் நன்று. துவாயால் முறுக்கிப் பிழியாது, ஒற்றி எடுத்தல் வேண்டும்.

உலர்த்துதல் பற்றி ஒரு வியப்பான செய்தியும் உண்டு. கொரிய நாட்டு ஆராய்ச்சியாளர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, உலர்த்திக் கருவியை அண்மையிற் பிடித்தபோது மயிரின் மேற்புறம் கெட்டது. ஆனால் காற்றிலே தானாக உலரவிட்ட மயிரில், நெடுநேரம் ஈரத்தில் ஊறியமையால் செதில்களுக்கிடையேயுள்ள ஒட்டுப்படை சிதைந்தது. 15 சென்ரிமீற்றர் தூரத்தே பிடித்து, ஓயாது அசைத்து உலர்த்தியதே குறைந்த கேடு விளைத்தது. ஈரக்கூந்தலை அகிற்புகையூட்டி உலர்த்திய சங்ககால மகளிரை இங்கே நினைவுகூரலாம். மிதமான சூட்டிலே விரைவில் உலர்தல் தீதன்று. இரும்பு மயிரைத் தொடுதலே தீது.

சுடுகருவியைக் கைவிட்டோர் சிலர், நிலையாக நேராக்கும் இரசாயன முறைகளை நாடுகின்றனர். அவற்றுட் சில, சூடேறும்போது போமல்டிகைட்டு என்னும் ஆவியை வெளிவிடுவன. மனிதரில் புற்றுநோயை விளைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகுத்த பொருள் அது. இட்டுக்கொள்பவரைவிட, நாள்தோறும் மூடிய அறையில் நின்று அதனைச் சுவாசிக்கும் தொழிலாளிப் பெண்ணுக்கே ஆபத்து மிகுதி. கருவிக்கு அஞ்சி நஞ்சை நாடுதல் அறிவுடைமையாகாது.

மற்றொன்றும் கூறவேண்டும். முறிதல் வேறு, உதிர்தல் வேறு. நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் வேரோடு உதிர்தல் இயல்பே. முறிந்த துண்டுகள் குறுகியனவாய், வேர்முனை இல்லாதனவாய் இருக்கும். நுனியிலே சிறு வெண்முனையோடு நீண்ட மயிர்கள் கைநிறைய உதிர்ந்தால், காரணம் சுடுகருவி அன்று. இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறு, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் வந்துபோன கடுங்காய்ச்சல், மகப்பேறு முதலியன காரணமாகலாம். அப்போது நாடவேண்டியது மருத்துவரை. பூச்சுக் கடையை அன்று.

நேயர்களே, பாடசாலையிலே பல ஆண்டுகளாக மாணவிகளோடு பழகிவரும் எனக்கு, இவ்விடயத்தின் வேர் கூந்தலில் இல்லை என்றே தோன்றுகின்றது. பரிசளிப்பு விழாவுக்கு முதல்நாள் கூந்தலைச் சுடும் சிறுமி, தன் சுருள்மயிரைக் குறையென்று எங்கோ கற்றுக்கொண்டாள். சிலவேளை படங்களிலிருந்து, சிலவேளை வகுப்புத் தோழியின் கேலியிலிருந்து, சிலவேளை, சொல்ல வருந்துகின்றேன், வீட்டாரின் வாயிலிருந்தே. ஐம்பாலுள் ஒன்றாக வைத்துச் ‘சுருள்’ எனப் பெயரிட்டுப் போற்றிய மொழிக்கு உரியவள் அவள். தாய்மாரும் ஆசிரியரும் அதனை அவளுக்குச் சொல்லுதல் வேண்டும். சொல்லாவிடின், ஒரு கருவியைப் பறித்தாலும் மற்றொன்றை அவள் தேடிக்கொள்வாள்.

சுட்ட மயிர் மீளாது. ஆயினும் கூந்தல் மீளும். தோள்வரை வளர மூன்று ஆண்டுகளும் இடைவரை வளர ஆறு ஆண்டுகளும் செல்லும். அதனை விரைவுபடுத்தும் பொருள் எந்தக் கடையிலும் இல்லை. மாதந்தோறும் ஒரு சென்ரிமீற்றராக, எவரும் கேளாமலே, வேர் தன் பணியைச் செய்துகொண்டிருக்கின்றது. அதனைக் கெடாமல் விட்டால் அதுவே போதும்.