உங்கள் ரத்தம், உங்கள் ரிப்போர்ட்

எங்கள் வானொலி நிகழ்ச்சிக்கு மருத்துவர் வரும் நாளில் நேயர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “போன வருஷம் எல்லாம் நார்மல்னு சொன்னாங்க. இந்த வருஷம் சர்க்கரைன்னு சொல்றாங்க. அது எப்படி டாக்டர்?”

மருத்துவர் திருப்பிக் கேட்பார்: “போன வருஷம் எவ்வளவு இருந்துச்சு?” பெரும்பாலும் பதில் வராது.

என் அப்பா எந்தத் தாளையும் தூக்கிப் போடமாட்டார். பிஸ்கட் டின்னில் இருந்த மூன்று ஆண்டு ரிப்போர்ட்டுகளை எடுத்து, வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவை மட்டும் வரிசையாக எழுதினேன்: 5.2, 5.6, 5.9. எதற்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் நார்மல்தான். சேர்த்துப் பார்த்தால் ஏறிக்கொண்டே வருகிறது. அந்த வரிசையைக் காட்டியதும் மருத்துவர் எச்பிஏ1சி பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு 6.0. மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி 5.7 முதல் 6.2 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.3-ஐத் தொட்டால் நீரிழிவு. திரும்பி வரக்கூடிய இடத்திலேயே பிடித்துவிட்டோம். இப்போது அப்பாவுக்கு தே தாரிக் இல்லை, மாலை நடை உண்டு.

எண்களை நம்ப வேண்டுமென்றால் பரிசோதனைக்குச் சரியாகத் தயாராக வேண்டும். எல்லாவற்றுக்கும் பட்டினி தேவையில்லை. உங்களுக்குத் தேவையா என்று முதலில் கேளுங்கள். வேண்டுமென்றால் வழக்கமாக 8 முதல் 12 மணி நேரம். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். குடித்தால் நரம்பு எளிதாகக் கிடைக்கும். சர்க்கரை போடாத ‘தே ஓ கோசோங்’கூட வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எதை முன்பு, எதைப் பின்பு சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவை அது மாற்றிக் காட்டக்கூடும். முதல் மூன்று நாள் மட்டும் சோற்றைக் குறைத்துப் பயனில்லை. எச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும்.

அடுத்து, அளவைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டுக் காணொளிகளில் “சுகர் 126” என்பார்கள். நம் தாளில் அதுவே 7.0. நம் சர்க்கரை எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும். அங்கே சொல்வதை நம் தாளோடு அப்படியே ஒப்பிட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

நம் வயதுக்காரர்களுக்கு வேறொரு பழக்கம். நிறுவனம் செய்துதரும் பரிசோதனையின் முடிவு மின்னஞ்சலில் வந்து, திறக்கப்படாமலே கிடக்கும். ரிப்போர்ட்டை வாங்குங்கள், கைபேசியில் தனிக் கோப்பாக வையுங்கள், வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில் ஆண்டையும் எண்ணையும் எழுதுங்கள். நட்சத்திரக் குறி இருந்தால் உடனே நோய் என்று அர்த்தமில்லை. இல்லாவிட்டால் கவலையே இல்லை என்றும் அர்த்தமில்லை.

மருத்துவர் அறையிலிருந்து எழுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: போன முறையைவிட எது மாறியிருக்கிறது? நான் என்ன செய்ய வேண்டும்? அடுத்த பரிசோதனை எப்போது? “நார்மல்” என்ற ஒரு சொல்லோடு மட்டும் வீடு திரும்பாதீர்கள்.