நாக்குக்கு எட்டாத முடி

பூனை விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய கால் பங்கு, உடம்பை நக்கிக்கொள்வதிலேயே போய்விடுகிறது. கையை நக்கவிட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த நாக்கின் சொரசொரப்பு தெரியும். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும், வீட்டுப் பூனையில் தொடங்கிப் புலி, சிங்கம் வரை ஆறு இனங்களின் நாக்குகளை ஆராய்ந்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாக்கில் இருக்கும் முள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குழிவு. வாயில் ஊறும் எச்சிலை அது தானாகவே உறிஞ்சி எடுத்து, முடிக்குள் ஆழமாகக் கொண்டுபோய் விடுகிறது. நக்கும்போது முடி அமுங்கும் அல்லவா, அப்போது தோல்வரை எட்டும் அளவுக்கு முள்ளின் நீளம் அமைந்திருக்கிறது. இந்தக் கணக்கில் அடங்காதது பெர்ஷியன் பூனை. அதன் முடி அமுங்கிய பிறகும் முள் தோலைத் தொடுவதில்லை.

முடி ஓரளவு வளர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் புரதத்தை எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணு தயாரிக்கிறது. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் அந்த உத்தரவு போவதில்லை. முடி வழக்கத்தைவிட நீளமாக வளர்கிறது. மாற்றம் தற்செயலாக நேர்ந்ததுதான். அதை அழகென்று கண்டு, தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்தவர்கள் மனிதர்கள். அதனால் நீள்முடிப் பூனைக்கு முடி சீவிவிடுவதைச் செல்லம் கொடுப்பதாக நான் நினைக்கவில்லை. நாக்கால் முடியாத வேலையை நாம் செய்துகொடுக்கக் கடன்பட்டிருக்கிறோம். சென்னையிலும் கோவையிலும் இன்று அடுக்குமாடி வீடுகளில் வளரும் பெர்ஷியன் பூனைகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே இதை உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சீவிவிடாத முடியில் சடை எப்படி விழுகிறது? மேல்முடிக்கு அடியில் மெல்லிய உள்முடி இருக்கிறது. உதிர்ந்த உள்முடி கீழே விழாமல் மற்ற முடிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முடியின் மேலும் நுனி நோக்கிச் சாய்ந்த நுண்ணிய செதில்கள் உண்டு. உரசும்போதெல்லாம் அவை ஒன்றையொன்று கவ்வி ஒரு பக்கமாக நகரும், திரும்பி வராது. ஆட்டு ரோமத்தை நனைத்து, அழுத்தித் தேய்த்துக் கெட்டித் துணியாக்குவதும் இதே விதிப்படிதான். அக்குள், காதின் பின்புறம், வயிறு, பின்னங்கால் இடுக்கு, வாலடி என்று உரசல் அதிகமுள்ள இடங்களில் முதலில் சிக்கு விழும். குளிப்பாட்டினால் இளகிவிடும் என்று நம்பித் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பலர். நனைந்த சடை காயும்போது முன்னைவிட இறுகும்.

இறுகிய சடை தோலை எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும். பூனை கால் நீட்டினாலும் இழுக்கும், திரும்பிப் படுத்தாலும் இழுக்கும். அடியில் காற்றுப்படாத தோல் சிவந்து ஈரமாகிப் புண்ணாகிறது. சிறுநீரும் மலமும் ஒட்டிய வாலடிச் சடையில், வெயில் காலத்தில், ஈ முட்டையிட்டுப் புழு வைப்பதும் உண்டு.

இளம் பூனைக்கு வளையும் முதுகு இருக்கிறது, ஓரளவு சமாளித்துவிடும். 10 வயதைத் தாண்டிய பூனை ஒன்றுக்குத் திடீரென்று சடை விழத் தொடங்கினால், முடியை விட்டுவிட்டுப் பூனையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பரிசோதித்த ஆய்வொன்று 2002-ல் வெளியானது. 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மான அறிகுறிகள் இருந்தன. மூட்டு வலித்தாலும் பூனை பெரும்பாலும் நொண்டாது, கத்தாது. கட்டிலில் தாவுவதை நிறுத்தும்; முதுகைத் திருப்பி நக்குவதை நிறுத்தும். இடுப்பிலும் முதுகின் பின்பாதியிலும் மட்டும் சடை என்றால் முதுகெலும்பு வலியோ உடல் பருமனோ காரணமாக இருக்கலாம். உடம்பு முழுக்க முடி மங்கிக் கற்றை கற்றையாகப் பிரிந்து நின்றால் பல்வலி, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு மிகைப்பு என்று மருத்துவர் தேடவேண்டிய பட்டியல் நீளும். “வயசாயிடுச்சு, சோம்பேறித்தனம்” என்று வீட்டில் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, கத்தரிக்கோல். கூடவே கூடாது. பூனையின் தோல் மெல்லியது, உடம்போடு தளர்வாக ஒட்டியிருப்பது. வயதானால் இன்னும் மெலிகிறது. சடையைப் பிடித்துத் தூக்கினால் தோலும் மடிப்பாக அதனுள் எழும்பி வரும். எது முடி, எது தோல் என்று வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. சடையோடு தோலையும் சேர்த்து வெட்டிவிட்டு, பதறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களைக் கால்நடை மருத்துவர்கள் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறார்கள்.

சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சிறிய, தோலைவிட்டுத் தள்ளி நிற்கும் சிக்கை மட்டும் வீட்டில் எடுக்கலாம். கொஞ்சம் கார்ன்ஃபிளார் மாவைத் தூவி விரலால் நெருடினால் உரசல் குறையும். பிறகு சிக்குக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள முடியை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுவை அந்த விரல்களோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. இரும்புப் பல் சீப்பின் முனையால் நுனியிலிருந்து இழை இழையாகப் பிரித்து வரலாம். சில நிமிடம் போதும், மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். பூனையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். வலியை முகத்தில் படிக்க மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வகுத்த அளவுகோல் ஐந்து இடங்களைக் கவனிக்கச் சொல்கிறது: காதின் சாய்வு, கண்ணின் சுருக்கம், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசையின் நிலை, தலை தாழ்ந்திருக்கிறதா என்பது. காது வெளிப்பக்கம் சாய்ந்து கண் சுருங்கினால் கையை எடுத்துவிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்து. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வலிக்குமே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தைப் பிரித்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம். டீ ட்ரீ எண்ணெய் போன்றவையும் நஞ்சு.

சடை தோலோடு அப்பி, தகடாகிவிட்டால் அது மருத்துவமனை வேலை. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கொடுக்க, பதற்றம் தணிக்கும் கேபாபென்டின் மாத்திரையை மருத்துவர் எழுதித் தரலாம். அளவை அவர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதான பூனைக்கு அளவு குறையும். மயக்கம் தேவைப்பட்டால் அதற்கு முன் ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாம் பார்த்தாக வேண்டும். பெர்ஷியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் இருப்பதால் இதில் சமரசம் வேண்டாம். பிடரியைப் பிடித்துத் தூக்கும் பழைய வழக்கத்தை 2022-ல் வெளியான சர்வதேசப் பூனை மருத்துவ வழிகாட்டுதல்கள் கைவிடச் சொல்லிவிட்டன.

மேசையில் நடப்பது பொறுமையான வேலை. 10-ம் எண் பிளேடு பொருத்திய கிளிப்பர், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். ஒரு கை தோலை இழுத்து மடிப்பில்லாமல் தட்டையாக்க, மறு கை பிளேடைத் தோலுக்கு இணையாகப் படுக்கவைத்து, சடைக்கும் தோலுக்கும் நடுவே சிறிது சிறிதாக நகர்த்தும். பிளேடு சூடேறினால் தோலைச் சுட்டுவிடும் என்பதால் அடிக்கடி மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பார்கள். மயக்கத்தில் தசை தளர்ந்திருக்கும். அக்குளும் தொடையிடுக்கும் தெரியட்டும் என்று காலை அகட்டி இழுத்தால் தேய்ந்த மூட்டு மறுநாள் தாங்காது. பூனை சோர்ந்தால் வாலடியையும் அக்குளையும் முடித்துக்கொண்டு மற்றதை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே நல்ல மருத்துவம். ஒரு பக்கம் முடியும் ஒரு பக்கம் மொட்டையுமாக வீடு திரும்பினால் என்ன? கால் நகங்களையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். கிழப் பூனையின் நகம் வளைந்து பாதத்துக்குள் குத்தி நிற்பது உண்டு.

முடி எடுத்த பிறகு பூனைக்குக் குளிரும். ஏசி அறை வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். மூட்டுவலிக்குச் சிகிச்சை தொடங்க இதுவே சரியான நேரம். மாதம் ஒரு ஊசியாகப் போடும் ஃப்ருனிவெட்மாப் என்ற எதிர்ப்புரத மருந்துக்கு, பூனைகளின் மூட்டுவலிக்கென்று 2022 ஜனவரியில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. வலி தணிந்த பூனை மறுபடி தன்னை நக்கத் தொடங்கும். கட்டையாக வெட்டிய முடியில் அதன் நாக்கு தோல்வரை போகவும் முடியும். அதனால் வயதான பூனைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை முடியைக் குறைத்தே வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. நீள்முடி முழுதாக வளர நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். ஹிமாலயன் வகைப் பூனையாக இருந்தால் புதுமுடி கருத்து வளரலாம். அதன் நிறமி நொதி குளிர்ந்த தோலில்தான் நன்றாக வேலை செய்யும். பயப்பட வேண்டாம், அடுத்த முறை முடி உதிர்ந்து முளைக்கும்போது பழைய நிறம் வந்துவிடும்.