கேஸ் போடுவதற்கு முன் லீக்கைத் தேடுங்கள்

சித்திரை வெயில் ஏறியதும் மணவாள நகரிலும் திருவள்ளூரிலும் கார் ஏசி பார்க்கும் கடைகளில் அதிகம் காதில் விழும் பேச்சு இதுதான்: "கூலிங் பத்தலை அண்ணே, கேஸ் போட்டு விடுங்க." வண்டிக்காரரே நோயையும் சொல்லி, மருந்தையும் சொல்லிவிடுகிறார். அவசரத்தில் இருக்கும் கடைக்காரரும் கேஸை ஏற்றி அனுப்பிவிடுகிறார். பங்குனியில் போட்ட கேஸ் வைகாசியில் காணாமல் போகிறது. மறுபடி அதே கடை, அதே பேச்சு, இன்னொரு முறை செலவு.

ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் கசியும். அதனால் குளிர்ச்சி குறைவது தெரியவே பல வருடம் ஆகும். ஒரே கோடைக்குள் குறைந்துவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் நம் பணம்தான் காற்றில் போகிறது. குளிர்ச்சி போன பல வண்டிகளில் கேஸ் சரியாகவே இருக்கும், கோளாறு வேறு இடத்தில் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா, ஏசி செய்வதும் அதுதான். திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், திறந்த காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகி, உள்ளே இருக்கும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இன்ஜின் சுழற்றும் கம்ப்ரசர் அதை அழுத்தி, வண்டி முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு, சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. வழியில் டிரையர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, எக்ஸ்பேன்ஷன் வால்வு தேவையான அளவு மட்டும் கூலிங் காயிலுக்குள் விடுகிறது. கண்டன்சரில் சூடு வெளியேறவில்லை என்றால் உள்ளே குளிர்ச்சி கிடையாது. இந்த ஒன்று புரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

கடைக்குப் போகும் முன் வண்டிக்காரரே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில், வென்ட்டில் காற்று பலமாக வருகிறதா என்று பாருங்கள். பிளோயரை முழு வேகத்தில் வைத்தும் காற்று மெலிந்து வந்தால் கேஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் லாரிக்குப் பின்னாலேயே தினமும் ஓடும் வண்டியில் அது கறுத்து, இலையும் மண்ணும் அப்பிக் கிடக்கும். காற்று ஒரே ஒரு வேகத்தில் மட்டும் வந்தால் பிளோயரின் ரெசிஸ்டர் போயிருக்கலாம். அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே வராமல் போய், அணைத்து வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி வந்தால், கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயிலின் குளிரை அளந்து கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லும் சென்சார் பெரும்பாலும் குற்றவாளி. முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நின்றால் டிரெய்ன் குழாய் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

காற்று பலமாக வந்தும் சூடாக இருந்தால் பானெட்டைத் திறந்து வைத்து ஏசி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். கம்ப்ரசரின் முன்முகத்தில் இருக்கும் கிளட்ச் தட்டு "டக்" என்று ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். ஒட்டவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் என்று கரன்ட் வழியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ரிலே சில நூறு ரூபாய்ப் பொருள். அதைப் பார்க்காமலே கம்ப்ரசர் மாற்றச் சொல்லப்பட்ட வண்டிகள் உண்டு. கிளட்ச் இல்லாமல் எப்போதும் சுற்றும் கம்ப்ரசர்களும் சில புதிய கார்களில் வந்துவிட்டன. அவற்றில் இந்தச் சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

மணவாள நகரிலிருந்து கிளம்பும் வண்டிகளுக்கென்றே வாய்த்த ஒரு சோதனை உண்டு. கூட்டு ரோட்டு நெரிசலில் நிற்கும்போது வென்ட்டில் சூடு, ஸ்ரீபெரும்புதூர் சாலையில் அறுபதில் ஓடத் தொடங்கியதும் நல்ல குளிர். இப்படி இருந்தால் கேஸை விட்டுவிட்டுக் கண்டன்சர் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது எதிர்காற்று கண்டன்சரைக் குளிர வைக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும், அது செய்யவில்லை. ஃபேன் சுற்றினாலும் கண்டன்சரின் தகடுகளுக்கிடையில் புழுதி அடைத்திருந்தால் இதே கதைதான். தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவினாலே பல வண்டிகளில் குளிர்ச்சி திரும்பிவிடும். பிரஷர் பம்பைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த காற்று வழியும் போய்விடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டும் வேலை. அதில் இரண்டு மீட்டர்கள், நீலம் தாழ்ந்த அழுத்தத்துக்கு, சிவப்பு உயர்ந்த அழுத்தத்துக்கு. நம் ஊர் 35 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ வண்டியில் ஏசி ஓடும்போது நீலம் 35 முதல் 45 பி.எஸ்.ஐ., சிவப்பு 200 முதல் 250 பி.எஸ்.ஐ. காட்டினால் ஏறக்குறையச் சரி. இரண்டுமே தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டுமே ஏறியிருந்தால் கண்டன்சரில் சூடு போகவில்லை, அல்லது போன முறை கேஸை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது. நீலம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் எங்கோ அடைப்பு, பெரும்பாலும் எக்ஸ்பேன்ஷன் வால்வில்.

ஏசி ஓடாமல் நிற்கும்போது கேஜ் காட்டும் அளவை மட்டும் வைத்து "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்லுவது தவறு. 35 டிகிரியில் உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே போதும், 115 பி.எஸ்.ஐ. அளவில் காட்டும். 200 கிராம் இருந்தாலும் அதே அளவு, 500 கிராம் இருந்தாலும் அதே அளவு. அழுத்தம் வெயிலைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததில்லை. அதனால்தான் கேஸைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். எத்தனை கிராம் என்று பானெட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும்.

இனி லீக். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், கேஸ் ஒழுகும் இடத்தில் ஆயிலும் கசியும். அதில் புழுதி ஒட்டும். ஆகவே முதல் கருவி கண்தான். குழாய் இணைப்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கறுத்த பிசுபிசுப்பு இருந்தால், உள்ளே இருக்கும் ஓ-ரிங் காய்ந்திருக்கிறது. கம்ப்ரசர் கிளட்சுக்குப் பின்னால் ஈரம் இருந்தால் ஷாஃப்ட் சீல். கண்டன்சரில் ஈரம் இருந்தால் லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல் பட்ட இடம். கண்ணுக்குப் படவில்லை என்றால் காய்ந்த நைட்ரஜனை 150 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏற்றி, சோப்பு நுரையைத் தடவ வேண்டும். குமிழி விடும் இடத்தைப் பார்க்க வேண்டும், கேஜ் முள் இறங்குகிறதா என்றும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பஞ்சர் கடைக் காற்றை ஏற்றக் கூடாது, அதில் ஈரம் இருக்கிறது. ஆக்ஸிஜன் கூடவே கூடாது, ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

வெளியே எங்கும் லீக் இல்லை, கேஸ் மட்டும் போகிறது என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைச் சந்தேகப்பட வேண்டும். பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிய வேலை இது. அதற்குப் பயந்துதான் பலர் வருடா வருடம் கேஸ் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டினால் அடுத்து சாவது கம்ப்ரசர். அதற்கு ஆயிலைக் கொண்டுவருவது கேஸ்தான். கேஸ் குறைந்தால் ஆயிலும் வராது, கம்ப்ரசர் உள்ளுக்குள் உராய்ந்து இறுகிவிடும். இதைத் தடுக்கத்தான் கேஸ் குறைந்ததும் பிரஷர் சுவிட்ச் கரன்ட்டை நிறுத்துகிறது. சோதனைக்காக அந்தச் சுவிட்சில் ஒயர் போட்டு இணைத்துப் பார்ப்பது சில நொடி வேலை. அந்த ஒயரை அப்படியே விட்டு வண்டியை அனுப்புவது அநியாயம்.

லீக்கை அடைத்த பிறகு செய்யும் வேலைகளில் அவசரப்பட்டுத் தவறவிடுவது வேக்கம். குழாய்க்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது இழுக்க வேண்டும். காற்றழுத்தம் போதிய அளவு குறைந்தால் 35 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். ஈரம் தங்கினால் எக்ஸ்பேன்ஷன் வால்வின் நுண்ணிய துளையில் ஐஸாக உறைந்து அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து உள்ளே அரிக்கவும் செய்யும். லைனைத் திறந்து வெகுநேரம் விட்டிருந்தால் டிரையரையும் மாற்ற வேண்டும். கம்ப்ரசர் உடைந்து மாற்றினால் லைன் முழுவதும் உலோகத் தூள் பரவியிருக்கும். அதைக் கழுவாமல் புதுக் கம்ப்ரசர் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

பழைய கேஸை வெளியே திறந்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்கும் விஷயத்தில் நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல சுமார் 1,430 மடங்கு. அரைக் கிலோவைத் திறந்துவிட்டால் ஏறக்குறைய 700 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு விட்ட கணக்கு. இத்தகைய கேஸ்களைக் குறைப்பதற்கான கிகாலி என்ற உலக உடன்பாட்டை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2032-ல் தொடங்கி 2047-க்குள் அவற்றின் பயன்பாட்டை 85 சதவீதம் குறைக்க வேண்டும். கேஸை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும் ரெக்கவரி மெஷின் வைத்திருக்கும் கடையைத் தேடிப் போவது நல்லது.

1998-ல் திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாரான காலத்தில் கார் ஏசி வசதி படைத்தவர்களின் பொருள். இப்போது லாரிக்கும் வந்துவிட்டது: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் புது லாரியில் இரும்பு ஏற்றி வரும் டிரைவர் இனிமேல் நாற்பது டிகிரி வெயிலில், இன்ஜின் சூட்டுக்கு மேலே உட்கார்ந்து வேக வேண்டியதில்லை. எனக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் லாரியின் அதிர்வில் குழாய் இணைப்புகள் கார்களைவிடச் சீக்கிரம் தளரும், கண்டன்சரில் புழுதியும் அதிகம் சேரும். இந்த வட்டாரத்து மெக்கானிக்குகளுக்கு வேலை கூடப் போகிறது. "கேஸ் போட்டு விடு" என்ற பழக்கம் லாரிக்கும் தொற்றினால் நஷ்டமும் கூடும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, லீக் எங்கே இருந்தது, கழற்றிய ஓ-ரிங் அல்லது பழைய பாகம் எங்கே, வேக்கம் எவ்வளவு நேரம், கேஸ் எத்தனை கிராம் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, ரீசர்க்குலேஷன் போட்டு, ஜன்னலை ஏற்றிப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருந்தால் வென்ட்டில் 12 டிகிரிக்குக் கீழே வர வேண்டும். வரவில்லை என்றால் அங்கேயே திருப்பி, கேஜை மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.