7 வருட வாரன்ட்டி... எதற்கு? உங்கள் கீஸர் கார்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்!

போன மார்கழியில் ஒரு நாள். காலை ஐந்தரை மணிக்கு பாத்ரூமிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். “மேலேர்ந்து சொட்டுதும்மா!” ஓடிப் போய்ப் பார்த்தால், கீஸரின் அடியிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாங்கி நான்கு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. ‘அதான் ஏழு வருஷம் வாரன்ட்டி இருக்கே’ என்று வீட்டில் யாருமே பதறவில்லை.

சர்வீஸுக்கு வந்த தம்பி, தண்ணீரை வடித்துவிட்டு கீஸரைக் கழற்றிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஆனோடு ராடு எப்பக்கா மாத்துனீங்க?”

அப்படி ஒன்று உள்ளே இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பெரும்பாலான கீஸர்களில் டேங்க் இரும்பில் செய்யப்பட்டு, உள்ளே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு பூசப்பட்டிருக்கும். பூச்சில் ஊசிமுனை அளவு விரிசல் விட்டாலும் தண்ணீர் இரும்பை அரிக்கத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் மெக்னீசியத்தில் ஒரு கம்பியை உள்ளே வைக்கிறார்கள். டேங்குக்குப் பதிலாக அந்தக் கம்பி கரையும். அது முழுதாகக் கரைந்துபோனால் அடுத்தது டேங்க்தான். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் ராடு சீக்கிரமே தீர்ந்துவிடும். எங்கள் ராடில் நடுவிலிருந்த மெல்லிய கம்பி மட்டும்தான் மிச்சமிருந்தது.

“ராடு மாத்தலைன்னா டேங்குக்கு க்ளெய்ம் கிடைக்காதுக்கா” என்றார் தம்பி. அன்று மதியம்தான் வாரன்ட்டி கார்டைத் தேடி எடுத்து முதல்முறையாகப் படித்தேன்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 7 வருடம், டேங்குக்கு மட்டும். காயிலுக்கு அதைவிடக் குறைவு. தெர்மோஸ்டாட், வால்வு எல்லாம் சேர்ந்த முழு கீஸருக்குப் பெரும்பாலும் 2 வருடம்தான். கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் இது மாறும். ஆனால், வீடுகளில் அடிக்கடி போவது காயிலும் தெர்மோஸ்டாட்டும். நீண்ட வாரன்ட்டியோ அபூர்வமாகப் போகும் டேங்குக்கு! வாங்கும்போது, “மூணுக்கும் தனித்தனியா எத்தனை வருஷம்?” என்று கேளுங்கள்.

அடுத்து, பொடி எழுத்தில் வரும் நிபந்தனைகள். தண்ணீரின் கடினத்தன்மை ஒரு அளவைத் தாண்டினால் வாரன்ட்டி செல்லாது என்று பல கார்டுகளில் இருக்கிறது. குடிநீருக்கான நம் இந்தியத் தரக்குறியீடே கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை. பக்கெட்டில் வெள்ளை படியும் போர் தண்ணீர் என்றால், பரிசோதித்துப் பார்த்துவிட்டு வாங்குவதே நல்லது. ஊரில் பாதி வீடுகளில் போர் தண்ணீர் என்று தெரிந்தே விற்கும் கடைக்காரர்கள், “உங்க வீட்ல என்ன தண்ணி?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வாரன்ட்டி கணக்கு பில் தேதியிலிருந்துதான் தொடங்கும், மாட்டிய நாளிலிருந்து அல்ல. புது ஃப்ளாட்டில் பில்டரே கீஸர் மாட்டிக் கொடுத்திருந்தால், அந்த பில்லின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நீங்கள் குடிபோகும்போதே ஒரு வருடம் கழிந்திருக்கக்கூடும். இன்னொன்று, கடை பில் பெரும்பாலும் தெர்மல் பேப்பரில் இருக்கும். எங்கள் பில் வெறும் வெள்ளைத்தாளாக மாறியிருந்தது. நல்லவேளை, கடைக்காரர் போன் நம்பரை வைத்துக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் கொடுத்தார். வாங்கிய அன்றே செல்போனில் போட்டோ எடுத்து வைப்பது ஒரு நிமிட வேலை.

சரி, எங்கள் கீஸர் என்ன ஆனது? கார்டில், ‘சர்வீஸ் ஊழியர் சொல்லும்போது வாடிக்கையாளர் தன் செலவில் ராடை மாற்ற வேண்டும்’ என்று இருந்தது. ஆனால், முன்பு சர்வீஸுக்கு வந்தவர் ராடைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட் என்னிடம் இருந்தது. அதில் ராடு பற்றி ஒரு வரிகூட இல்லை. அதையே ஆதாரமாக வைத்து கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிவு செய்தேன். கம்பெனியிலிருந்து பிறகுதான் கூப்பிட்டார்கள். டேங்க் அவர்கள் செலவு. ராடும் மாட்டும் கூலியும் எங்கள் செலவு. புது டேங்குக்குப் புதிதாக ஏழு வருடம் கிடையாது, பழைய கணக்கில் மீதி இருப்பதுதான். இதையும் கார்டிலேயே போட்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். 1915 நீதிமன்றம் அல்ல. புகாரைக் கம்பெனியிடம் கொண்டுபோகும் வழி. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். பிரச்னை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

போன வாரம் அதே தம்பியைக் கூப்பிட்டு ராடைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, பாதிதான் இருந்தது. மாற்றியாயிற்று. ஜாப் ஷீட்டில் ‘ராடு மாற்றப்பட்டது’ என்று தேதியோடு எழுதி வாங்கி, போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். முதல் தம்ஸ் அப் அத்தையிடமிருந்து!