உங்களுக்குத் தெரியுமா? மஞ்சளாய் இருந்த புதுக்கோட்டை

1909-இல் வெளியான இம்பீரியல் கெஜட்டியர் வரைபடங்களில் ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட பகுதிகளுக்கு இளஞ்சிவப்பு, சமஸ்தானங்களுக்கு மஞ்சள். சுற்றிலும் சிவந்த சென்னை மாகாணத்துக்கு நடுவே ஒட்டுப்போட்டதுபோல் ஒரு மஞ்சள் திட்டு. அதுதான் தொண்டைமான்களின் புதுக்கோட்டை. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் அந்த மஞ்சளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அச்சுக்காலத்தில் ஒரு நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் வரைபடத்தையே மறுபடி அச்சிட வேண்டும்.

இன்று கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இது ஒரு வரி விதி: 'வகை சமஸ்தானம் என்றால் மஞ்சள்'. எல்லைக்கோடு ஓரிடத்தில், அதன் தோற்றம் வேறிடத்தில். விதியை மாற்றினால் அதற்குள் வரும் எல்லா உருவங்களும் ஒரே நொடியில் நிறம் மாறும். எல்லைக்கோட்டில் ஒரு புள்ளிகூட நகராது.

புதுக்கோட்டையின் கண்மாய்களையும் ஊருணிகளையும் இந்த மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். முதலில் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு நிறம் கொடுக்கும். பல்லவன் குளம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தாலும் வரும்! 'வகை குளம் என்றால் நீலம்' என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை சொல்லி ஸ்டைல் கோப்பாகச் சேமித்துவிட்டால் பக்கத்து மாவட்டத்துக் குளங்களுக்கும் அதையே போடலாம். ஒன்றே ஒன்று: இங்கே தரவு அட்டவணையில் 'வகை' என்று பெயரிட்ட பத்தி அங்கே 'பிரிவு' என்று இருந்தால், விதி எதையும் கண்டுகொள்ளாது.